சேலத்துல ப்ராக்கோலி: பூவை நம்பாதீங்க, இலையை நம்புங்க

சேலத்துல ப்ராக்கோலி வருமான்னு யாராச்சும் கேட்டா நான் டக்குனு சொல்றது இதுதான், செடி ஜோரா வரும், பூ வைக்குமாங்கிறதை மார்கழி மாசம்தான் முடிவு பண்ணும். நாம போடற உரம், தெளிக்கிற பஞ்சகவ்யா, யூடியூப் பாத்து பண்ற வித்தை எல்லாம் அதுக்கப்பறம்தான். கன்னங்குறிச்சியில வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கொஞ்சூண்டு இடத்துலயும் மொட்டைமாடி க்ரோ பேக்குலயும் சில வருஷமா இதைப் போட்டுட்டு இருக்கேன். அதே நாத்துல பாதியை ஏற்காட்ல இருக்கிற என் வீட்டுக்காரரோட அக்காவுக்கு, எனக்கு அண்ணி, குடுத்து விட்டுருவேன், அவங்க வீட்டுக்காரர் அங்க ஒரு காப்பி எஸ்டேட்ல ரைட்டரா இருக்கார், லைன் வீட்டுக்குப் பக்கத்துலயே நல்லா தோட்டம் போடற அளவுக்கு இடம் இருக்கு. அதனால ஒரே பாக்கெட் விதை, ஒரே தட்டுல முளைச்ச நாத்து, கீழ எப்படி நடந்துக்குது மேல எப்படி நடந்துக்குதுன்னு வருஷா வருஷம் பாக்கற வாய்ப்பு எனக்கு. அதுல நான் வந்து நிக்கிற முடிவு நிறைய பேருக்கு புடிக்காது, இருந்தாலும் சொல்லீர்றேன்: சேலம் மாதிரி ஊர்ல ப்ராக்கோலியை பூவுக்காக வளர்க்காதீங்க, ஒரு கீரையா நினைச்சு வளருங்க, பூ வந்தா அது போனஸ்.

ஏன்னு சொல்றேன். நாம காசு குடுத்து வாங்கற அந்த பச்சைப் பூ இருக்கே, அது அத்தனையும் விரியாத மொட்டு. வெட்டாம விட்டா அப்படியே நீண்டு நாலு இதழ் வெச்ச மஞ்சப்பூவா விரிஞ்சு, கடுகுச் செடி மாதிரியே காய் புடிச்சு விதையைக் கொட்டீட்டு போயிரும். கடுகுக்கு இது பங்காளி முறைதான், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல் இதெல்லாம் கூடப்பிறந்ததுங்க, தாவரவியல்காரங்க கணக்குல இந்த மூணும் ப்ராக்கோலியும் பிராசிக்கா ஒலரேசியான்னு ஒரே இனம். ஒண்ணுல இலை, ஒண்ணுல தண்டு, ஒண்ணுல மொட்டுன்னு மனுசன் தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்து வேற வேற காயாக்கி வெச்சிருக்கான். ப்ராக்கோலிக்கு பூர்வீகம் மத்தியதரைக்கடல் பக்கம், இத்தாலிக்காரங்க வளர்த்து ஆளாக்கினது. அந்த ஊர்க் குளிர் இதோட ரத்தத்துல இருக்கு. பகல்ல 15-ல இருந்து 20 டிகிரி, கொஞ்சம் கூடக் கொறைய இருந்தா இதுக்கு சொர்க்கம். 25-ஐ தாண்டினா முனக ஆரம்பிக்கும், 30-க்கு மேல போனா இலை மட்டும் தள தளன்னு வரும், நடுக்குருத்து மட்டும் என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கும்.

இதுல முக்கியமான விஷயம், செடி பூரா சீசனும் குளிர் கேக்கறதில்ல. இலை விட்டுட்டு இருந்த நடுக்குருத்து, இனிமே மொட்டு வைக்கலாம்னு மாறுது பாருங்க, அந்த ஒரு வாரம் பத்து நாள்தான் ஆபத்து. அந்த நேரத்துல வெயில் அடிச்சுச்சுன்னா சில மொட்டு வளர்ச்சி நின்னுரும், சிலது முன்னாடி ஓடும், கடைசியில பூ சமமா இல்லாம மேடும் பள்ளமுமா, நடு நடுவுல சின்ன சின்ன இலை நீட்டிட்டு, பாக்கவே என்னமோ மாதிரி வரும். நிறைய பேரு அதை நோய்னு நினைச்சு மருந்து அடிக்கறாங்க. அது சூடு பண்ற வேலை, அதுக்கு மருந்தே கிடையாது.

சேலம் டவுன் கடல்மட்டத்துல இருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1515 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா ஆறரை டிகிரி குறையும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம்ல, அந்தக் கணக்குப்படி சேலத்துல பஸ் ஏறி 20 கொண்டை ஊசி வளைவைத் தாண்டி இறங்கறதுக்குள்ள எட்டு டிகிரி காணாமப் போயிருது, அதுவும் முப்பது கிலோமீட்டர் தூரத்துல. தை மாசத்துல எங்க வீட்டு மாடியில ராத்திரி 18, 19-னு இருக்கும்போது மேல அண்ணி வீட்ல 12, 13 இருக்கும், விடியக்காலையில தண்ணி குழாயைத் திறக்கவே யோசிப்பாங்க. பகல் வித்தியாசம் இன்னும் மோசம், கீழ மார்கழியிலயே மத்தியானம் 30 தொட்டுரும். அதனால கீழ நமக்கு கிடைக்கிற ஜன்னல் ரொம்ப சின்னது, கார்த்திகை கடைசியில இருந்து தை முடியற வரைக்கும்தான், குருத்து மொட்டா மாறற அந்த பத்து நாளை இதுக்குள்ள கொண்டு வந்து நிறுத்தணும். நாள் எண்ணி பின்னாடி இருந்து கணக்குப் போட்டா, விதையை புரட்டாசி நடுவுல போட்டாகணும், நாத்து நடறது ஐப்பசி. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொன்னதெல்லாம் இதுக்கு ஒத்து வராது, ஆடியில போட்டா ஐப்பசி மழைக்கு முன்னாடி புழுக்கத்துல குருத்து மாட்டிக்கும்.

காலிஃபிளவர் மட்டும் எப்படிங்க நம்ம ஊர்ல அவ்ளோ ஈஸியா வருதுன்னு ஒருத்தர் கேட்டார், நியாயமான கேள்வி. காலிஃபிளவர் விதை இந்தியாவுக்கு வந்தது 1822-ல, இங்கிலாந்துல இருந்து சஹாரன்பூர் தோட்டத்துக்கு கொண்டு வந்தாங்க. அதுல இருந்து இருநூறு வருஷமா வடக்கே இருக்கிற விவசாயிங்க சூடு தாங்கின செடியில இருந்து விதை எடுத்து எடுத்து, 20-ல இருந்து 27 டிகிரியில கூட பூ கட்டற இந்திய ரகங்களையே உருவாக்கிட்டாங்க. ப்ராக்கோலிக்கு அந்த மாதிரி இருநூறு வருஷ பழக்கம் இங்க இல்ல, அது நேத்து வந்த மருமக. இமாசலத்துல பாலம்பூர் பல்கலைக்கழகம் பாலம் சம்ருத்தின்னு ஒண்ணு குடுத்திருக்காங்க, கட்ராயின்ல இருக்கிற பூசா நிலையத்துல இருந்து கேடிஎஸ்-1 வந்திருக்கு, ரெண்டுமே நல்ல ரகம்தான், ஆனா ரெண்டுக்கும் பொறந்த ஊரு இமயமலைப் பக்கம்ங்கிறதை மறந்துரக்கூடாது. நமக்கு வாங்கணும்னா பாக்கெட்ல வெப்பம் தாங்கும், சீக்கிரம் விளையும்னு போட்டிருக்கிற ஹைப்ரிட்தான் சரி, 60 நாள் ரகமா பாத்து எடுங்க, 90 நாள் ரகம் எடுத்தீங்கன்னா மாசி வெயில்ல போய் முடியும்.

இதே 1820-கள்லதான் சேலத்துல கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை ஏற்காட்டுக்கு காப்பியும் ஆரஞ்சும் ஆப்பிளும் பேரிக்காயும் கொண்டு போய் வெச்சுப் பாத்தார்னு சொல்வாங்க. அதுல காப்பி ஒட்டிக்கிச்சு, ஆரஞ்சு பேர் வாங்குச்சு. ஆக அந்த மலைக்கு வெளியூர் செடியை ஏத்திட்டுப் போய் பாக்கறது புதுசு ஒண்ணும் இல்ல, நானும் ஒரு ஓரமா அந்த வரிசையில நின்னுக்கறேன்.

விதை பாக்க கடுகேதான், கையில வெச்சா வித்தியாசம் கண்டுபுடிக்க முடியாது. குழித்தட்டுல தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி கலந்து, ஒரு குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். நாலஞ்சு நாள்ல ரெண்டா மடிஞ்ச இதயம் மாதிரி விதையிலை எட்டிப் பாக்கும். இங்கதான் முதல் சோதனை, புரட்டாசியில பகல் வெயில் இன்னும் சுள்ளுன்னு இருக்கும், சாயங்காலம் இடி மழை அடிக்கும், தட்டுல தண்ணி தேங்குச்சுன்னா தண்டு மண்ணைத் தொடற எடத்துல நூலா கருத்து மடங்கி விழுந்துரும். நாத்தழுகல்னு சொல்றது இதைத்தான். தட்டை மழை படாத எடத்துல, ஆனா காலை வெயில் படற மாதிரி வெச்சு, தண்ணியை மேல ஊத்தாம கீழ ஒரு தாம்பாளத்துல ஊத்தி உறிஞ்ச விட்டா பாதி பிரச்சனை போச்சு. டிரைக்கோடெர்மா விரிடி கொஞ்சம் கலவையில கலந்து விடறது நல்ல பழக்கம், உரக்கடையில கேட்டா குடுப்பாங்க.

நாலு அஞ்சு இலை வந்ததும், அதாவது 25-ல இருந்து 30 நாளுக்குள்ள, எடுத்து நட்டுறணும். அப்பறம் பாத்துக்கலாம்னு தட்டுலயே விட்டா வேர் சுத்திக்கிட்டு செடிக்கு பயம் வந்துரும், நட்ட கொஞ்ச நாள்லயே சட்டைப் பொத்தான் சைஸ்ல ஒரு பூவை வெச்சுட்டு அத்தோட வேலை முடிஞ்சுதுன்னு நின்னுரும். நர்சரியில விக்கற நாத்து வாங்கறவங்க இதை கட்டாயம் பாக்கணும், உயரமா தடியா இருக்கிற நாத்துன்னு ஆசைப்படாதீங்க, சின்னதா குள்ளமா இருக்கறதை எடுங்க. நடறப்ப முதல் இலைக் காம்பு வரைக்கும் மண்ணுக்குள்ள போகலாம், ஒண்ணும் ஆகாது, காத்துக்கு சாயாம நிக்கும். செடிக்கு செடி ஒண்ணரை அடி. க்ரோ பேக்னா பதினஞ்சு இன்ச் பைக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாம், ரெண்டு வெச்சா ரெண்டும் கெட்டுச்சு.

மண் விஷயத்துல கீழயும் மேலயும் நேர் எதிர். எங்க பக்கம் சுண்ணாம்புக்கரடு, வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கிற ஊரு, மேக்னசைட் ஜங்ஷன்னு ரயில்வே ஸ்டேஷனுக்கே பேர் வெச்சிருக்காங்கன்னா பாத்துக்கங்க. போர் தண்ணி ஊத்தற எடமெல்லாம் வெள்ளையா படிஞ்சு கெடக்கும், க்ரோ பேக் விளிம்புல கூட சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஒரு கோடு நிக்கும். இந்த மாதிரி காரத்தன்மை உள்ள மண்ணுல செடிக்கு போரான் சரியா கிடைக்காது, ப்ராக்கோலி குடும்பத்துக்கோ போரான்னா உயிர். வெளியில பாத்தா செடி நல்லா இருக்கும், பூவை வெட்டினா தண்டு நடுவுல குழல் மாதிரி ஓட்டை, ஓட்டை ஓரமெல்லாம் காபி கலர்ல. ஓட்டை மட்டும் இருந்து உள்ள வெள்ளையா சுத்தமா இருந்தா அது பெரும்பாலும் தழைச்சத்து ஜாஸ்தியாகி வேகமா வளர்ந்ததால வர்றது, கலர் மாறி இருந்தா போரான் மேல சந்தேகப்படணும். நாட்டு மருந்துக்கடையில வெண்காரம்னு கேட்டா குடுப்பாங்க, அதுதான் போராக்ஸ். லிட்டர் தண்ணிக்கு 1 கிராம், அதுக்கு மேல வேண்டாம், நட்டு ஒரு மாசத்துல ஒரு தடவை, மொட்டு வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை இலை மேல தெளிச்சா போதும். கண்ணளவுல அள்ளிப் போடற வேலை மட்டும் கூடாது, போரான் கூடினா செடியே கருகும். கேரம் போர்டு பவுடரும் போரான்தானே அதைப் போடலாமான்னு எங்க வீட்டுப் பையன் கேட்டான், போரிக் ஆசிட்தான் அதுவும், ஆனா அதுல வேற என்னென்ன கலந்திருக்கும்னு யாருக்குத் தெரியும், சாப்பிடற செடிக்கு வேண்டாம் சாமி.

மேல அண்ணி தோட்டத்துல கதையே வேற. மழை அடிச்சு அடிச்சு சத்தெல்லாம் கழுவிட்டுப் போன புளிப்பு மண்ணு, அங்க சுண்ணாம்பு போட்டே ஆகணும். போடலேன்னா வேர் முண்டு முண்டா வீங்கற வேர்முடிச்சு நோய் வர்றதுக்கு வழி, அது ஒரு தடவை வந்துச்சுன்னா அந்த எடத்துல பல வருஷத்துக்கு கோஸ் குடும்பமே வைக்க முடியாது. அண்ணி நடறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே டோலமைட் தூவி கொத்தி விட்டுருவாங்க, எஸ்டேட்ல காப்பிக்கு போடறதுல மிச்சம் கொஞ்சம் கைக்கு வரும். "நீ அங்க சுண்ணாம்பு ஜாஸ்தின்னு அழுவற, நான் இங்க இல்லேன்னு அழுவறேன், ரெண்டு பேரும் மண்ணை மாத்திக்கலாமா கண்ணு"ன்னு போன்ல சிரிப்பாங்க. அவங்களுக்கு பூவை பத்தி கவலையே கிடையாது, மூடுபனியிலயும் சில்வர் ஓக் நிழல்லயும் ஒரு சாண் அகலத்துக்கு கெட்டியா பூ கட்டும். அங்க வில்லன் காட்டுமாடு. ஏற்காட்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், ராத்திரி எஸ்டேட்டுக்குள்ள இருந்து இறங்கி வரும், அதுக்கு முன்னாடி நம்ம மூங்கில் படல் எல்லாம் எந்த மூலைக்கு. ஒரு வருஷம் வெட்டலாம்னு வெச்சிருந்த வரிசையை காலையில பாத்தா தண்டு மட்டும் நிக்குது, பூவையும் இலையையும் சுத்தமா மேஞ்சுட்டு குளம்புத் தடத்தை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கு. அண்ணி சொன்னது, "என்ன பண்றது, அதுக்கும் ஹெல்த் கான்ஷியஸ் வந்துருச்சு போல".

கீழ நமக்கு காட்டுமாடு இல்ல, நகத்தளவு புழு இருக்கு. வைரமுதுகு அந்துப்பூச்சி. ப்ராக்கோலி போடற யாரா இருந்தாலும் இதைத் தெரிஞ்சு வெச்சுக்கலேன்னா சேலத்துல ஒரு இலை கூட மிஞ்சாது. பூச்சி சின்னது, சாம்பல் கலரு, உக்காந்திருக்கும்போது முதுகுல ரெண்டு றெக்கையும் சேர்ற எடத்துல வரிசையா மூணு வைரக்கட்டம் வெளிர் நிறத்துல தெரியும். சாயங்காலம் செடியை லேசா ஆட்டிப் பாருங்க, படபடன்னு நாலஞ்சு கிளம்பி பக்கத்துச் செடியில போய் உக்காரும். இலைக்கு அடியில நரம்பு ஓரமா முட்டை வைக்கும். புழு வெளிர் பச்சை, ரெண்டு பக்கமும் கூம்பின உடம்பு, தொட்டீங்கன்னா துடியா துடிச்சு பின்பக்கமாவே நகர்ந்து டப்புனு இலையை விட்டு குதிச்சு ஒரு நூல்ல தொங்கும், ஆபத்து போச்சுன்னு தெரிஞ்சதும் அதே நூலைப் புடிச்சு மேல ஏறிக்கும். சின்னப் புழு இலையோட அடித்தோலை மட்டும் சுரண்டித் தின்னுட்டு மேல்தோலை கண்ணாடி மாதிரி விட்டு வைக்கும், வெயிலுக்கு எதிரா இலையைத் தூக்கிப் பாத்தா அங்கங்க ஜன்னல் வெச்ச மாதிரி வெளிச்சம் தெரியும். அந்த ஜன்னலைப் பாத்த அன்னிக்கே வேலையை ஆரம்பிச்சாகணும், ஓட்டை விழுந்தப்பறம் பாத்தா லேட். நம்ம வெயில்ல இதுக்கு முட்டையில இருந்து பூச்சியாக ரெண்டு மூணு வாரம் போதும், ஒரே சீசன்ல தாத்தா பேரன் கொள்ளுப்பேரன் வரைக்கும் உங்க செடியிலயே குடித்தனம் நடத்தும்.

மருந்துக்கடையில போய் நிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். உலகத்துல எந்தெந்த பூச்சிமருந்து வந்துச்சோ அதுல கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் பழகிக்கிட்ட பூச்சி இது. பிடின்னு சொல்ற பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா மருந்துக்கே வயக்காட்டுல முதல் முதல்ல எதிர்ப்பு சக்தி காட்டின பயிர்ப்பூச்சி இதுதான். அதனால ஒரே மருந்தை திரும்பத் திரும்ப அடிக்கறது அதுக்கு டியூஷன் எடுக்கற மாதிரி. நான் செய்யறது, பெங்களூர்ல இருக்கிற இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் முட்டைக்கோசுக்கு சொன்ன வழி, 25 வரிசை கோசுக்கு ரெண்டு வரிசை கடுகு, வீட்டுக்கு அதையே சுருக்கி செடிங்களைச் சுத்தி கடுகு. நடறதுக்கு பதினஞ்சு நாள் முன்னாடியே அஞ்சறைப்பெட்டியில இருக்கிற கடுகை ரெண்டு கைப்பிடி ஓரமா தூவி விட்டுருவேன், அந்துப்பூச்சிக்கு கடுகுன்னா கொள்ளை ஆசை, பாதிக்கு மேல அங்க போய் முட்டை வைக்கும், அசுவினியும் அங்கதான் கும்மியடிக்கும். கடுகு முத்தறதுக்குள்ள அடுத்த கைப்பிடி தூவணும், அங்க சேர்ற புழுவை மட்டும் தேடி மருந்து அடிச்சா போதும். மிச்சத்துக்கு வேப்பங்கொட்டைக் கரைசல், லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடிச்சு ராத்திரி ஊறப்போட்டு காலையில துணியில வடிகட்டி கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு, இலைக்கு அடியில படற மாதிரி அடிக்கணும். மேலாப்புல அடிச்சா இலையில மெழுகு இருக்கறதால தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடிரும், சோப்பு எதுக்குன்னா அதுக்குத்தான். ஒரு வாரம் இது, அடுத்த வாரம் பிடி, அதுவும் சாயங்காலத்துல, வெயில் பட்டா பிடி செத்துரும். இத்தனைக்கும் மேல காலையில காபி டம்ளரோட போய் இலையைத் திருப்பிப் பாத்து கையாலேயே நசுக்கறது இருக்கே, அதை விட ஒசந்த மருந்தை நான் பாத்ததில்ல.

பூ வந்துச்சுன்னு வைங்க. எப்ப வெட்டறதுங்கிறதுல கடையில பாத்த சைஸை மனசுல வெச்சுக்காதீங்க. சேலத்துல ஒரு கைப்பிடி அளவு வந்தாலே பெரிசு. சைஸை விடுங்க, மொட்டைப் பாருங்க. ஒவ்வொரு மொட்டும் குண்டூசித் தலை மாதிரி கெட்டியா நெருக்கமா இருக்கணும், ஓரத்துல மொட்டு கொஞ்சம் பருத்து விலக ஆரம்பிச்சா அன்னிக்கே கத்தியை எடுத்துறணும். மேல அண்ணி நாலு நாள் விட்டு வைப்பாங்க, இங்க நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா மறுநாள் மத்தியானம் மஞ்சளடிச்சிருக்கும். காலையில வெயில் ஏறும் முன்ன, பூவுக்குக் கீழ அஞ்சாறு இன்ச் தண்டோட, சாய்வா வெட்டணும், நேரா வெட்டினா வெட்டுவாயில தண்ணி தேங்கி தண்டு அழுகும். வெட்டினதுக்கப்பறமும் இது மூச்சு விட்டுட்டே இருக்கும், மத்த காயை விட வேகமா, அதனாலதான் வெளியில வெச்சா சாயங்காலத்துக்குள்ள தொங்கிப் போகுது. ஐஸ் தண்ணில ஒரு முக்கு முக்கி ஈரத்துணியில சுத்தி ஃபிரிட்ஜ்ல வெச்சிருங்க.

நடுப்பூ போனதும் செடியைப் புடுங்கிப் போடறவங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியும். அதுக்கப்பறம்தான் இலைக் கக்கத்துல இருந்து பக்கப்பூ கிளம்பும், விரல் தடிமன்ல சின்னச் சின்னதா, தையில ஆரம்பிச்சு மாசி முதல் வாரம் வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு கைப்பிடி பறிக்கலாம். நடுப்பூ சரியா வராத வருஷத்துல கூட பக்கப்பூ வந்திருக்கு, குளிர் எந்த வாரம் வருதோ அந்த வாரம் ரெடியா இருக்கிற மொட்டு அதைப் புடிச்சுக்குது.

இப்ப இலைக்கு வர்றேன். ஒரு செடி, பூ வைக்கறதுக்கு முன்னாடி பதினஞ்சு இருபது பெரிய இலையை விட்டிருக்கும், ஒவ்வொண்ணும் ரெண்டு கை அகலம். சந்தையில வர்ற ப்ராக்கோலியில இந்த இலை வர்றதே இல்ல, வயல்லயே கழிச்சுட்டு பூவை மட்டும் பிளாஸ்டிக் சுத்தி அனுப்பறாங்க. அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்குப் போனாலும் சூரமங்கலம் போனாலும் எந்தக் காசு குடுத்தாலும் ப்ராக்கோலிக்கீரை கிடைக்காது, வீட்ல செடி இருந்தாத்தான் உண்டு. நட்டு அஞ்சாறு வாரம் கழிச்சு அடியில இருந்து ஒரு தடவைக்கு செடிக்கு ரெண்டு இலை கிள்ளலாம், மேல எட்டு பத்து இலை எப்பவும் நிக்கணும். முருங்கைக்கீரை மாதிரி உருவ முடியாது, நடு நரம்பை மடிச்சு கிழிச்சு எடுத்துட்டு, சுருட்டி வெச்சு மெலிசா அரியணும். சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய் தாளிச்சு இலையைப் போட்டு கை தண்ணி தெளிச்சு மூடி வெச்சா சுருண்டு வரும், கடைசியா தேங்காப்பூ. பாசிப்பருப்போட சேர்த்து கடைஞ்சா இன்னும் நல்லா இருக்கும். என் மாமியார் முதல் தடவை பாத்ததும் "என்னத்தடி இது, கோசு இலையை மாட்டுக்குப் போடறதை எனக்குப் போடற"ன்னாங்க, இப்ப களிக்கு இதுதான் வேணும்னு கேக்கறாங்க. பூவை இன்னும் தொட மாட்டாங்க, மெத்துமெத்துன்னு என்னமோ இருக்குதுங்கறாங்க, அதுல எனக்கும் பெரிய மறுப்பு இல்ல. தண்டையும் தூக்கிப் போடாதீங்க, வெளித்தோலை தடியா சீவிட்டு உள்ள இருக்கிற வெளிர் பச்சையை நூக்கல் போடற மாதிரி சாம்பார்லயோ குருமாவுலயோ போடுங்க. சமைக்கும் முன்ன பூவை மட்டும் உப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணியில தலைகீழா பத்து நிமிஷம் போட்டு வைங்க, எவ்ளோ நசுக்கினாலும் ஒண்ணு ரெண்டு புழு உள்ள பதுங்கியிருக்கும், அது வெளிய மிதந்துரும்.

ப்ராக்கோலி கேன்சருக்கு மருந்துன்னு வாட்ஸ்அப்ல சுத்தற மெசேஜ் எல்லாம் பாத்திருப்பீங்க. அதுக்குப் பின்னாடி ஒரு நிஜமான ஆராய்ச்சி இருக்கு, 1992-ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல பால் தலாலேங்கிறவரோட குழு இதுல இருந்து சல்ஃபோரஃபேன்னு ஒரு பொருளைப் பிரிச்சாங்க, நம்ம உடம்புல நச்சை வெளியேத்தற என்சைம்களை அது தூண்டி விடுதுன்னு காட்டினாங்க. மருந்துன்னு சொல்ற அளவுக்கு எடுத்துக்காதீங்க, காயா சாப்பிடுங்க. ஆனா அதுல சமையலுக்கு உதவற ஒரு சங்கதி இருக்கு. செடிக்குள்ள சல்ஃபோரஃபேன் ரெடியா இருக்கறதில்ல, வெட்டும்போது செல் உடைஞ்சு மைரோசினேஸ்ங்கிற என்சைம் கலந்தாத்தான் உருவாகும், முழுசா கொதிக்கற தண்ணில போட்டா என்சைம் செத்துரும். அதனால பொடியா வெட்டி அரை மணி முக்கால் மணி நேரம் அப்படியே வெச்சுட்டு அப்பறம் அடுப்புல ஏத்தறது நல்லது. நேரம் இல்லேன்னா சமைச்சு இறக்கினப்பறம் பச்சைக் கடுகை பொடிச்சு ஒரு சிட்டிகை தூவுங்க, கடுகுலயும் அதே என்சைம் இருக்கு. எண்ணெயில வெடிச்ச கடுகுக்கு அந்த வேலை முடிஞ்சு போயிருக்கும், தாளிப்பு வாசனைக்கு மட்டும்தான்.

காசுக் கணக்கு பாத்தா, பூவுக்காக மட்டும் போட்டா சேலத்துல இது நஷ்டக் கணக்குதான். விதை, பை, மண், மருந்துன்னு போட்டு, வர்ற சின்னப் பூவை ஓசூர்ல இருந்தும் ஊட்டியில இருந்தும் வர்றதோட தட்டுல வெச்சா அசிங்கமா இருக்கும். கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும் வாரா வாரம் கீரை, நடுவுல ஒரு பூ, அப்பறம் பக்கப்பூ, தண்டு எல்லாம் சேர்த்துப் பாத்தா கணக்கு அப்படியே திரும்பிரும். அதனாலதான் மேல அண்ணிக்கு ஒண்ணரை அடி விட்டு நடச் சொல்ற நானே, கீழ தரையில கீரைக்குன்னு ஒரு வரிசையை முக்கால் அடியில நெருக்கி நடறேன், அதுல பூவை எதிர்பாக்கறதே இல்ல. வெயில் ஏறற நாள்ல மத்தியானத்துக்கு 50 சதவீத பச்சை நிழல்வலை, அதுக்கு மேல தடிமன் போட்டா செடி வெளுத்து நீண்டுரும். அடியில காஞ்ச தென்னந்தோகை, வாழைச்சருகு எது கிடைச்சாலும் மூடாக்கு போடுங்க, மண் சூடு குறையறது இந்தச் செடிக்கு ரொம்ப முக்கியம்.

விதை எடுத்து வைக்கலாமான்னா, வேண்டாம். ஹைப்ரிட் விதையில இருந்து எடுக்கறது அம்மா மாதிரி வராது. நாட்டு ரகமா இருந்தாலும் ஒரு செடி தன் மகரந்தத்தையே ஏத்துக்காது, வேற செடி வேணும், பக்கத்துல நூக்கலோ காலிஃபிளவரோ பூத்திருந்தா தேனீ கலந்து விட்டுரும், அப்பறம் முளைக்கிறது எந்தக் காயின்னே தெரியாது. ஒரு செடியை மட்டும் பூக்க விடுங்க, தேனீங்க வர்றதுக்கு, மாசியில புடலையும் பாகலும் பூவெடுக்கும்போது அதுங்க நம்ம தோட்டத்துலயே இருக்கும். மிச்சத்தை வேரோட புடுங்கி, வேர்ல முண்டு இருக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டு, இல்லேன்னா மட்டும் கம்போஸ்ட்ல போடுங்க. அதே பையில அடுத்து கோசு, முள்ளங்கி, நூக்கல்னு இந்தச் சொந்தக்காரங்களை யாரையும் வைக்காதீங்க, கொத்தவரையோ தட்டைப்பயறோ போடுங்க, மண்ணும் தேறும்.

சித்திரையில போடலாமா, ஏசி ரூம்ல வெச்சு நாத்து விட்டா வருமா, ஐஸ் கட்டி போட்டா வருமான்னு கேக்கறவங்க இருக்காங்க. வராதுங்க. அந்த மாசத்துக்கு தண்டுக்கீரை இருக்கு, வெண்டை இருக்கு, அதைப் போட்டு சாப்பிட்டுட்டு புரட்டாசிக்கு வாங்க.